வற்றாப்பளையிலிருந்து திரும்பிய பஸ்

போன மாதம் ஆஸ்பத்திரி ஊழியர்கள் தங்கள் ஒன்றுகூடலுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மாலை போட்டார்கள், பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன்; இரண்டு வசனத்துக்கு மேல் வரவில்லை. கீழே வந்து இருந்ததும் பதிவு அறையில் வேலை செய்யும் ஒரு பெண் பக்கத்தில் வந்தார்.

"ஐயா, இப்ப றைவர்மாருக்கு உடம்பை மெசினில பாத்து உடன துண்டு குடுக்கினம். உங்கட காலத்தில அந்தப் பேப்பரெல்லாம் நீங்கள்தானாம் ஆயத்தப்படுத்தினது. லேசான வேலை, என்ன?"

"பயம் பிடிச்ச வேலை, பிள்ளை" என்றேன்.

அவர் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். பேச வராத காரணத்தால் எழுதுகிறேன். ஆஸ்பத்திரி இருந்த ஊரின் பெயரைச் சொல்லவில்லை. கிளிநொச்சிப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனிதர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். அவர்களுடைய பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நான் ஏழாம் வகுப்பு முடிக்காதவன். வடமராட்சியில் வீட்டை விட்டு ஓடிவந்து ஆனையிறவில் உப்பு வாரினேன். காலில் புண் ஆறாமல் போகவே அதை விட்டு ஒரு நெல் லொறியில் கிளீனராகச் சேர்ந்தேன். அந்த லொறி மாங்குளத்துக்கு அப்பால், பட்டப்பகலில், நேரான தெருவில், மதகு ஒன்றில் இருந்து கீழே போனது. சாரதி செத்துப்போனார். நான் மூட்டைகளுக்கு இடையில் கிடந்து தப்பினேன். ஏன் கவிழ்ந்தது என்று இன்றுவரை தெரியாது. தெருவில் ஒரு மாடுகூட நிற்கவில்லை. பிறகு குடியேற்றத் திட்டத்துக்குக் காடு வெட்டப் போனேன். குளிர்காய்ச்சல் வந்து என்னை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். குணமானதும் போக இடமில்லாததால் அங்கேயே வாளி தூக்கினேன், தரை கழுவினேன். கொஞ்சம் எழுத்து வாசிப்புத் தெரியும் என்று கண்டதும் உள்ளே எடுத்துக்கொண்டார்கள். நான் கற்ற வைத்தியமெல்லாம் அவ்வளவுதான்.

எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பெரிய டாக்குத்தர் கிழமைக்கு ஒருநாள்தான் வருவார். மற்ற நாட்களில் எல்லாம் டாக்குத்தருக்கு அடுத்தபடி வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி சவரிமுத்து ஐயா. முல்லைத்தீவுக் கரையில் வலை இழுக்கும் குடும்பத்தில் பிறந்து படித்து மேலே வந்தவர். சத்தம் போட்டு அவர் பேசி நான் கேட்டதில்லை. யாரையும் 'நீர்' என்றுதான் சொல்வார். கேள்வியைக் கேட்டுவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் சனங்கள் அந்த முகத்துக்கு ஏற்ற பதிலைச் சொல்வார்களாம்.

பஸ்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்து சில வருடங்களில் சாரதிகளை உடம்பு பார்க்க எங்களிடம் அடிக்கடி அனுப்பத் தொடங்கினார்கள். டிப்போவில் இருந்து கடிதம் வரும். கடிதம் வந்ததும் என் வேலை, அந்த மனிதர் முன்பு எப்போதாவது எங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாரா, மருந்து எடுத்தாரா என்று பழைய துண்டுகளைத் தேடுவது. அலுமாரியில் ஊர் வாரியாகக் கட்டி வைத்திருப்போம். ஒரே ஊரில் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள் என்பதால் தகப்பன் பெயரையும் பார்க்கவேண்டும். ஒருவருடைய நெஞ்சுவலி இன்னொருவருடைய கட்டுக்குள் போய்விட்டால் ஒரு குடும்பம் பட்டினி கிடக்கும். அல்லது ஒரு பஸ் கவிழும். துண்டுகளைப் பழையது கீழே, புதியது மேலே என்று அடுக்கி, நாடாவால் கட்டி, பெரிய டாக்குத்தர் வரும் நாளுக்கு மேசையில் வைப்பேன். அந்த நாடாவை முடிச்சுப் போடும்போதெல்லாம் மதகுக்குக் கீழே கிடந்த லொறிதான் கண்ணுக்குள் வரும்.

பிறகு கண். எழுத்துப் பலகை விறாந்தையின் ஒரு அந்தத்தில். சாரதி மறு அந்தத்தில். ஒரு கண்ணைக் கையால் பொத்த ஐயா விடமாட்டார். விரலிடுக்கால் பார்ப்பார்கள். அதற்கு ஒரு மட்டை வைத்திருந்தோம். பிறகு ஆளைத் திருப்பி நிறுத்தி முதுகுக்குப் பின்னால் நின்று மெல்லப் பேசுவேன். "அண்ணை, சந்தியில ஆள் நிக்குது" என்பேன். கேட்டவர் திரும்பாமல் "ஏத்துவமோ விடுவமோ?" என்று கேட்டால் காது சரி. கடைசியாகச் சலம், அதாவது மூத்திரம். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை விட்டு, அதில் சலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கடதாசியை மடித்து இடுக்கிபோலப் பிடித்துக்கொண்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சவேண்டும். நீலம் நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சையானால் பார்க்கவேண்டும். செங்கல் நிறமானால் சீனி வியாதி.

முள்ளியவளைப் பக்கத்து லொறிச் சாரதி ஒருவருடைய சலம் அப்படித்தான் காய்ச்சக் காய்ச்சச் செங்கல்லாகிப் போனது. அவ்வளவு சிவப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை. அந்த மனிதர் தலையில் கைவைத்துக்கொண்டு வாங்கில் இருந்துவிட்டார்.

"ஐயா, நான் தேத்தண்ணிக்கே சீனி போடுறதில்லை. பனங்கட்டிதான் கடிக்கிறனான்!"

ஐயா அவர் வீட்டிலிருந்து சலம் கொண்டுவந்த போத்தலை எடுத்து மூடியை மணந்து பார்த்தார். "போத்தல் ஆற்றை?"

"மாமியாற்றை, ஐயா."

"மாமி இதுக்குள்ள என்ன வைச்சிருந்தவ?"

"தேன், ஐயா. காட்டுத் தேன்."

"கழுவினனீரோ?"

"கழுவினால் வாசம் போயிடும் எண்டு அவ கழுவ விடுறேல்லை."

"உமக்குச் சீனி இல்லை, காணும். உம்மட மாமிக்குத்தான் புத்தி இல்லை" என்று சொல்லிவிட்டு ஐயா எங்கள் கிளாசைக் கொடுத்துக் கிணற்றடிக்கு அனுப்பினார். நீலம் நீலமாகவே நின்றது. அன்றிலிருந்து வீட்டுப் போத்தலை நாங்கள் வாங்குவதில்லை. வன்னியில் தேன் படாத போத்தல் எங்கே இருக்கிறது?

கேள்வித் தாளும் ஒன்று உண்டு. நெஞ்சு நோ வந்ததா, மயக்கம் வந்ததா, வலிப்பு வந்ததா என்று வரிசையாகக் கேட்டு நிரப்பவேண்டும். நான்தான் கேட்டு எழுதுவேன். எல்லோரும் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்பார்கள். ஐயாவுக்கு அது பிடிக்காது.

"வியாதியின்ர பேரைச் சொல்லிக் கேட்டால் உமக்குப் பொய்தான் கிடைக்கும். நடந்ததைக் கேளும்."

அவர் சொன்னது என்னவென்று நான் கண்டது பூநகரியிலிருந்து கொண்டுவந்த ஒரு மீனவரில். தோணிக்குள் விழுந்து கிடந்தவரைத் தூக்கி வந்தார்கள். நோயாளர் வாட்டில் என் கண் முன்னால் அவருக்கு வலிப்பு வந்தது. உடம்பு பலகையாக விறைத்து, பிறகு வெட்டி வெட்டி இழுத்தது. ஐயா தலையைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடிக்கச் சொன்னார். வாய்க்குள் ஒன்றும் வைக்க விடவில்லை. இழுப்பு நின்றதும் அந்த மனிதர் குறட்டை விட்டு நித்திரையாகிப் போனார். எழும்பிய பிறகு ஐயா யன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: நாக்குக் கடிபட்டிருக்கிறதா? உடுத்திருந்த சாரம் நனைந்திருந்ததா? விழுமுன் ஏதாவது மணம் வந்ததா?

"ஓம் ஐயா, கயிறு எரியிற மணம். தோணிக்குள்ள எங்க கயிறு எரியிறது எண்டு தேடினனான். பேந்து ஒண்டும் தெரியாது."

அந்தக் கேள்விகள் எனக்குப் பாடமாகிப் போயின. இல்லாத மணம் ஒருவர் மூக்குக்கு வந்து, பிறகு அவரை விழுத்தும் என்பது எனக்குப் பயத்தைத் தந்தது. சில நாட்கள் நானே காற்றை மணந்து பார்த்துக்கொண்டு திரிந்தேன்.

பஸ் சாரதி குலசிங்கம் வந்தது அதற்கு அடுத்த வருடம். அக்கராயனில் குடியேறிய குடும்பம். கிடைத்த வயல் வாய்க்காலின் கடைசியில், தண்ணீர் எட்டாத இடத்தில். அதனால் ஸ்டியரிங் பிடித்துப் பிள்ளைகளை வளர்த்தார். என்னைவிட இளையவர். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி கைகாட்டினால் நடுக்காட்டிலும் பஸ்ஸை நிறுத்துவார் என்று பெயர். பழைய துண்டுகளைத் தேடினேன், ஒன்றுமே இல்லை. ஆஸ்பத்திரிப் பக்கமே வராத உடம்பு. கண் நல்லது, காது நல்லது, சலம் நீலம். கேள்வித் தாளில் வலிப்புக்கு வந்தேன்.

"எனக்கோ?" என்று சிரித்தார். "காய்ச்சல் வந்தே கன காலம், அண்ணை. எழுதுங்கோ, இல்லையெண்டு."

எழுதினேன். பெரிய டாக்குத்தர் வர இன்னும் நாட்கள் இருந்தன. இடையில் வற்றாப்பளை அம்மன் கோயிற் பொங்கல் வந்தது. விசேட பஸ் ஒன்று விட்டார்கள். ஓட்டியது குலசிங்கம். நானும் அதில்தான் போனேன்.

பொழுது புலர்ந்த நேரம். எண்ணெய்க்குப் பதில் கடலில் அள்ளிவந்த உப்புநீரில் கோயில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பறை அதிர்ந்தது. சனத்துக்குள் பலருக்குக் கலை வந்தது. அம்மன் ஒருவருடைய உடம்பில் இறங்கி ஆடுவதையும் வாக்குச் சொல்வதையும்தான் நாங்கள் கலை என்போம். அதைச் சிறு வயதிலிருந்து கண்டிருக்கிறேன். எனக்கு அம்மாளில் பக்தியும் பயமும் உண்டு, இன்றைக்கும் உண்டு. அப்போது குலசிங்கம் நின்ற பக்கத்தில் "தாயே!" என்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன்.

அவர் ஆடவில்லை. வாக்கும் சொல்லவில்லை. வெட்டிய மரம்போல விழுந்து, விறைத்து, பிறகு இழுக்கத் தொடங்கினார். கடைவாயில் நுரையோடு இரத்தம். வேட்டி நனைந்தது. சுற்றி நின்றவர்கள் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். ஒருவர் வேப்பிலையை வாய்க்குள் வைக்கப் போனார். நான் குனிந்து தலையைத் திருப்பக் கை நீட்டினேன். பின்னால் இருந்து ஒருவர் என் தோளைப் பிடித்து இழுத்தார்.

"தொடாதையும்! அம்மாள் நிக்கிறா, தெரியேல்லையோ?"

கையை எடுத்துவிட்டேன். உண்மையில் அம்மாளே நின்றிருந்தால்? அந்தப் பயம் ஒரு பக்கம். அவர் குறட்டை விட்டு நித்திரையானபோது மற்றப் பயம் வந்தது. எங்களைத் திருப்பிக் கொண்டுபோகப் போவது இவர்தான்.

வெயில் ஏறியதும் குலசிங்கம் எழும்பினார். முகம் கழுவினார், தேத்தண்ணி குடித்தார். "வருசா வருசம் வாறா" என்று பக்கத்தில் நின்றவர்களுக்குச் சொன்னார். பெண்கள் சிலர் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் பஸ்ஸில் ஏறினார்கள். அம்மாள் வந்த மனிதர் ஓட்டும் பஸ் என்று மற்றப் பஸ்ஸுக்கு நின்றவர்களும் இதில் வந்து ஏறினார்கள். பொங்கற் பானை, கடகம், குழந்தைகள். கால் வைக்க இடமில்லை.

நான் போகாமல் நின்றிருக்கலாம். அந்த எண்ணம் வந்தது. ஆனால் நான் ஏறாவிட்டாலும் பஸ் போகத்தானே போகிறது. இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னுக்குப் போய்ச் சாரதிக்குப் பக்கத்தில், எஞ்சின் மூடிக்கு அருகில் நின்றுகொண்டேன். கைப்பிறேக் அந்தப் பக்கம்தான். கிளீனராக இருந்த காலத்தில் பிடித்துப் பழகியது.

"என்ன ஆஸ்பத்திரி அண்ணை, பின்னுக்கு இடம் கிடக்க முன்னுக்கு நிக்கிறியள்?" என்று கொண்டக்டர் கேட்டான். "றைவர் வேலைக்கு அடி போடுறியளோ?"

"காத்து வரட்டும் எண்டு நிக்கிறன்."

"எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில நிண்டு காத்து வாங்கிற ஒரே ஆள் நீங்கள்தான்!"

எல்லோரும் சிரித்தார்கள். குலசிங்கமும் சிரித்தார். நான் அவர் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஸ்டியரிங்கில் இருந்த விரல்கள் தளர்ந்தால் எனக்கு மூச்சு நின்றது. இறுக்கினாலும் நின்றது. மதகு வரும்போதெல்லாம் கண்ணை மூடினேன். மூடினால் அவரைப் பார்க்கமுடியாது என்று திறந்தேன். பின்னால் ஒரு பெண் பிள்ளைக்குப் பொங்கலை ஊட்டிக்கொண்டு, "றைவர் மாமாவில அம்மாள் வந்தவ, கும்பிடு" என்று சொல்லிக்கொடுத்தது கேட்டது.

புதுக்குடியிருப்பு தாண்டிக் காட்டுக்குள் ஓடினோம். ஓரிடத்தில் தெரு ஒரு சின்னக் குளத்தின் கட்டின் மேலால் போகும். ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் பள்ளம். கட்டில் ஏறியதும் குலசிங்கம் மூக்கை உறிஞ்சினார்.

"ஆர் கற்பூரம் கொளுத்தினது?"

"ஒருத்தரும் இல்லை, அண்ணை" என்றான் கொண்டக்டர். "கோயில் மணம் இன்னும் உங்கட மூக்கை விட்டுப் போகேல்லை."

"இல்லை, மணக்குது. நல்லா மணக்குது."

நானும் மணந்து பார்த்தேன். எஞ்சின் எண்ணெயும் வியர்வையும்தான்.

"நிப்பாட்டுங்கோ" என்றேன்.

"இதிலையோ? இது குளக்கட்டு, அண்ணை."

"சத்தி வருது, தம்பி. நிப்பாட்டுங்கோ!"

கைகாட்டினால் நிறுத்துகிற மனிதர் என்றேன் அல்லவா? வாந்தி என்ற என் பொய்யை நம்பி மிதியிலிருந்து காலை எடுத்து வேகத்தைக் குறைத்தார். அந்தக் குறைப்புத்தான் எங்களைக் காப்பாற்றியது. அடுத்த கணம் அவர் கழுத்து ஒரு பக்கம் திரும்பியது. கண் மேலே போனது. கைகள் விறைத்து ஸ்டியரிங்கைத் தண்ணீர்ப் பக்கம் இழுத்தன. நான் ஒரு கையால் ஸ்டியரிங்கில் தொங்கிக்கொண்டு மற்றக் கையால் கைப்பிறேக்கை இழுத்தேன். ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். பானை உடைந்தது. பஸ் நின்றபோது முன் சில்லுக்கு அப்பால் புல்லுக்கரை மட்டுமே இருந்தது. அதற்குக் கீழே தண்ணீர் வெயிலில் மின்னியது.

பிறகு ஒரு பெண் கத்தினாள்.

"அம்மாளே! தண்ணிக்குள்ள போன பஸ்ஸைக் கையால மறிச்சுப்போட்டா! தாயே!"

அவ்வளவுதான். எல்லோரும் இறங்கினார்கள். சிலர் பஸ்ஸுக்கு முன்னால் தெருவில் விழுந்து கும்பிட்டார்கள். பிரசாதத் தேங்காயை எடுத்துச் சில்லடியில் உடைத்தார்கள். நான் குலசிங்கத்தைச் சீற்றில் பக்கவாட்டில் சரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மாளின் கை என்று அவர்கள் சொன்ன கை எனக்கு மணிக்கட்டோடு வீங்கிக்கொண்டு வந்தது.

அதைவிடப் பெரிய பயம் அதன் பிறகுதான் வந்தது. குலசிங்கம் தெளிந்து எழும்பி, "ஏறுங்கோ, போவம்" என்றார். சனம் ஏறத் தொடங்கியது! இனி ஒன்றும் நடக்காது, அம்மாளே காவல் என்று சொல்லிச் சொல்லி ஏறினார்கள். வலிப்பு, வியாதி என்று வாயைத் திறந்தால் என்னைக் குளத்தில் தள்ளிவிட்டுப் போவார்கள். யோசிக்க நேரமில்லை. படியில் ஏறி நின்று கத்தினேன்.

"கலை மலையேறினால் உடம்பைத் தோயவாத்து ஆறவிடவேணும் எண்டு உங்கள் ஒருத்தருக்கும் தெரியாதோ? அம்மாள் ரெண்டு முறை ஏறின உடம்பு! அதை உடன வேலைக்கு ஏவுறதோ? நாளைக்கு அவ கோவிச்சால் ஆர் பொறுப்பு?"

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். குழந்தைக்கு ஊட்டிக்கொண்டு வந்த பெண் முதலில் இறங்கினாள். "அவர் சொல்லுறதும் சரிதான்" என்றாள். பிறகு எல்லோரும் இறங்கினார்கள். குலசிங்கத்தைக் குளத்தில் தோயவைத்து மருத மரத்துக்குக் கீழே படுக்கவிட்டார்கள். பின்னேரம் அந்த வழியால் வந்த பஸ்ஸில் கொண்டக்டர் செய்தி சொல்லி அனுப்பி, வேறு சாரதி வந்துதான் நாங்கள் ஊர் சேர்ந்தோம்.

அடுத்த நாள் காலையில் சவரிமுத்து ஐயாவிடம் போனேன்.

"கண்டதை மட்டும் சொல்லும்" என்றார்.

கண்டதை மட்டும் சொன்னேன். யன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார். பிறகு சேட்டுக்குள் கிடந்த சிலுவையை வெளியே எடுத்துக் காட்டினார்.

"இதைப் பாரும். இது வலிப்பு எண்டு நான் எழுதினால், வேதக்காரன் அம்மாளைப் பழிச்சுப்போட்டான் எண்டு சொல்லுவினம். நீர் சொன்னீர் எண்டால்?"

"வீட்டைக் கொளுத்துவினம், ஐயா."

"உமக்கு எங்கயப்பா வீடு? எங்கட பின் அறையிலயெல்லோ படுக்கிறீர். அப்ப ஆஸ்பத்திரியைத்தான் கொளுத்தவேணும்."

அவர் சிரித்தாலும் சிலுவையைத் திரும்பச் சேட்டுக்குள் விட்டுக்கொண்டார். அவருக்கும் பயம்தான். "அவரையே கேப்பம். மனிசியையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லும்" என்றார்.

குலசிங்கம் மனைவி பரமேஸ்வரியோடு வந்தார். நல்ல சேட்டுப் போட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். புதிய கேள்வித் தாளை நான் எடுத்தேன். ஐயா கதிரையைத் திருப்பி யன்னலைப் பார்த்தார்.

"அம்மாள் வாறதுக்கு முன்னம் ஏதாவது தெரியுமோ?"

"கற்பூரம் மணக்கும், ஐயா. அதுதான் அவ வாற அடையாளம்."

"பேந்து?"

"பேந்து எனக்கு ஒண்டும் தெரியாது. நான் இருக்கமாட்டன், அவதான் இருப்பா."

"நாக்குக் கடிபடுமோ?"

"ஓம் ஐயா. பாருங்கோ." பெருமையோடு நாக்கை நீட்டிக் காட்டினார். ஓரத்தில் பழைய தழும்புகளுக்கு மேல் புதிய காயம். "சத்தியம் தவறக்கூடாது எண்டு நாக்கில கடிச்சு விடுறா."

ஒவ்வொன்றையும் எழுதினேன். ஒவ்வொரு வரியும் அவருடைய கையிலிருந்து ஸ்டியரிங்கை எடுத்துக்கொண்டிருந்தது. அவர் இன்னும் கேட்கமாட்டார்களா என்ற முகத்தோடு இருந்தார்.

"கோயிலில மட்டும்தானோ?" என்றார் ஐயா.

"கோயிலிலதான். ஒருக்கா வயலில வந்தவ."

"நித்திரையிலயும் வாறது" என்றாள் பரமேஸ்வரி.

குலசிங்கம் திரும்பினார். "நீ சும்மா இரு. நித்திரையில எப்ப வந்தது?"

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நீங்கள் நித்திரைதானே. நான் எல்லோ முழிச்சிருக்கிறன்." அவள் ஐயாவைப் பார்த்துச் சொன்னாள், அழவில்லை. "கலியாணம் முடிச்ச நாளிலயிருந்து நான் ஒழுங்கா நித்திரை கொண்டதில்லை, ஐயா. பாய் நனையும். விடிய எழும்பிப் பஸ்ஸுக்குப் போவார். அம்மாள் எண்டால் படுக்கையில ஏன் வாறா எண்டு கேக்க எனக்குப் பயம். கேக்காமல் விடவும் பயம்."

ஐயா கதிரையைத் திருப்பினார். அன்றைக்குத்தான் அவர் ஒருவருடைய முகத்தைப் பார்த்துப் பேசியதைக் கண்டேன். இது மூளையில் வரும் ஒரு வியாதி, விழுங்கக் குளிசை இருக்கிறது, குளிசை எடுத்தாலும் பஸ் ஓட்டமுடியாது, பெரிய டாக்குத்தரும் இதைத்தான் சொல்வார் என்று மெல்ல மெல்லச் சொன்னார். குலசிங்கம் என் பக்கம் திரும்பினார்.

"அவர் வேதக்காரர். அவருக்கு விளங்காது. நீங்கள் கும்பிடுற ஆள். கோயிலிலயும் நிண்டனீங்கள், பஸ்ஸிலயும் நிண்டனீங்கள். நீங்கள் சொல்லுங்கோ அண்ணை, வந்தது ஆர்?"

அம்மாளுக்குப் பயம், அவருக்குப் பயம், வெளியே விறாந்தையில் காத்து நின்ற அவருடைய ஊர்க்காரருக்குப் பயம்.

"வந்தது ஆரெண்டு எனக்குத் தெரியாது, தம்பி" என்றேன். "ஆனால் வரேக்க ஸ்டியரிங்கை ஆர் பிடிச்சிருந்தது எண்டு தெரியும். ஒருத்தரும் பிடிக்கேல்லை."

அவர் எழுந்து வெளியே போனார். பரமேஸ்வரி குளிசைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பின்னால் போனாள்.

பெரிய டாக்குத்தர் தாள்களை வாசித்து, பஸ் ஓட்டத் தகுதியில்லை என்று கையெழுத்து வைத்தார். டிப்போவில் குலசிங்கத்துக்குப் பஸ் கழுவும் வேலை கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக் கூரையில் கல் விழுந்தது. ஐயா ஒவ்வொரு நாளும் அதே நேரத்துக்கு வந்து, அதே கதிரையில் இருந்தார். சிலுவையை மட்டும் சேட்டுக்கு வெளியே போடத் தொடங்கியிருந்தார். எனக்குப் பஸ் நிற்காமல் போனது. தூரத்தில் கண்டதுமே கொண்டக்டர்மார் மணியை அடித்துவிடுவார்கள். அந்த மண் தெருக்களில் நடந்தே திரிந்தேன். காட்டு ஓரத்தில் பின்னால் சைக்கிள் சத்தம் கேட்டால் விலகி நின்று ஆள் போகும்வரை பார்ப்பேன். ஓரிடத்தில் நிலைக்காத காலும் சேர்ந்து, இடமாற்றம் கேட்டு எழுதினேன். கிடைத்தது.

போகிற நாளில் பெட்டியோடு டிப்போவுக்குக் கிட்டத் தெருவில் நின்றேன். ஒரு பஸ் என்னைக் கண்டும் வேகம் எடுத்தது. அப்போது டிப்போ வாசலிலிருந்து ஒருவர் தண்ணீர் வாளியோடு நடுத்தெருவுக்கு வந்து நின்றார். பஸ் கிறீச்சிட்டு நின்றது. குலசிங்கம்.

"ஏறுங்கோ" என்றார்.

"குளிசை எடுக்கிறீரோ?" வேறு என்ன கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை.

"எடுக்கிறன். இப்ப வாறேல்லை." யார் என்று அவர் சொல்லவில்லை. "பரமேஸ்தான் நல்லா நித்திரை கொள்ளுறாள். குறட்டை விடுறாள், அண்ணை. நான்தான் முழிச்சுக் கேட்டுக்கொண்டு கிடக்கிறன்."

பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார். கொண்டக்டர் முறைத்தான். குலசிங்கம் அவனைப் பார்த்தார். அவன் பார்வையை எடுத்துக்கொண்டான்.

"நல்ல றைவர். பயப்பிடாதேங்கோ" என்றார் என்னிடம். "பின்னுக்குப் போய் ஆறுதலா இருங்கோ."

பின்வரிசையில் போய் இருந்தேன். பஸ் வெளிக்கிட்டது. முதல் மதகு தெரிந்ததும் எழும்பினேன். சீற்றுகளைப் பிடித்துப் பிடித்து முன்னுக்குப் போய், சாரதிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.